ஏற்றமும் பிடிமானமும்: சிந்தாதிரிப்பேட்டை முதல் மொட்டைமாடி வரை

1836-ஆம் ஆண்டு மே மாதம், சென்னையில் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சிறிய இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டிருந்தது. அதன்மேல் பயணிகள் எவரும் போகவில்லை. அது எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்கவுமில்லை. பாலத்தின் அடியிலிருந்து மேலே சாலைக்கு ஏறும் சரிவில், கல் ஏற்றிய வண்டியை ஒரு கையால் தள்ளிவிட முடியும் என்று மக்களுக்குக் காட்டுவதற்காகவே அது போடப்பட்டது. சென்று பார்க்கத்தக்க காட்சி என்று அன்றைய சென்னை ஆங்கில இதழ் ஒன்று அதைப் பரிந்துரைத்திருக்கிறது. அடுத்த ஆண்டிலேயே, ஆர்தர் காட்டனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் செங்குன்றம் இருப்புப்பாதை சாலைக்கான கற்களைச் சுமக்கத் தொடங்கியது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதற் பயணிகள் ரயில் ஓடிய 1853-க்கு இது 16 ஆண்டுகள் முந்தியது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் ஓடிய 1856-க்கு 19 ஆண்டுகள் முந்தியது.

இந்தச் செய்தியில் நம் கவனத்தைக் கவர்வது ஆண்டுக்கணக்கன்று. இந்நாட்டில் இருப்புப்பாதை தன்னை முதன்முதலாக அறிமுகப்படுத்திக்கொண்டபோது ஒரு செய்துகாட்டும் மாதிரியாக, அதிலும் ஏற்றத்தில் ஏறிக்காட்டும் மாதிரியாக வந்தது என்பதே முக்கியம். வீட்டுக்குள் மேசைமீது தண்டவாளம் அமைத்துச் சிறு ரயில்களை ஓட்டுபவர்களை நம் சூழல் வளர்ந்த குழந்தைகளாகவே பார்க்கிறது. 'பொம்மை ரயில்' என்ற சொல்லிலேயே ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பொம்மையை ஒரு சரிவில் ஏற்ற முயலும் கணத்தில், இரண்டு நூற்றாண்டுகளாகப் பொறியாளர்களை அலைக்கழித்த அதே கேள்வி மேசைக்கு வந்துவிடுகிறது. அக்கேள்வியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் சொற்கள். 40 அடி நீளத்துக்கு 1 அடி உயர்ந்தால் அதை '40-க்கு 1' ஏற்றம் என்பது ரயில்வே வழக்கு. நம் கொத்தனார்களிடம் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: வாட்டம். மொட்டைமாடியில் மழைநீர் தேங்காமல் ஓட 'வாட்டம் விடு' என்பார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் சென்று சேரவேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாத அளவில் நிலத்தின் வாட்டத்தை அறிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். நாம் வாழும் வல்லம் வடகால் பகுதியில் நிலம் தட்டையானது. இங்கே வாட்டம் என்பது என்றைக்கும் தண்ணீருக்கானதாகவே இருந்தது. இன்று சிப்காட் தொழிற்பூங்காவாகிவிட்ட இவ்வூரில் மோட்டார் சைக்கிள்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் கார்களும் லாரிகளும் உருவாகின்றன. ஆனால் ரயில் நிலையம் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கே இல்லை. தொழிலாளர்கள் கம்பெனிப் பேருந்துகளில் வந்து போகிறார்கள். ரயிலேற வேண்டுமானால் சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ஊருக்குப் போகவேண்டும். ரயிலும் இல்லாத, மலையும் இல்லாத ஓரிடத்தில் அமர்ந்து மலை ரயிலைப் பற்றி எழுதுவதன் வேடிக்கையை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

தண்ணீர் இறங்குவதற்கு வாட்டம் போதும். ரயில் ஏறுவதற்குப் பிடிமானம் வேண்டும். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்வதே ரயிலின் சிக்கனத்துக்குக் காரணம். அதே வழுவழுப்புதான் ஏற்றத்தில் அதன் பலவீனம். இங்கிலாந்தில் 1811-இல் ஜான் பிளென்கின்சாப், வெறுஞ்சக்கரத்தை நம்பாமல் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பற்கள் வைத்து, அவற்றைக் கவ்வி நகரும் பல்சக்கர முறைக்கு உரிமம் பெற்றார். 1812 முதல் லீட்ஸ் அருகே மிடில்டன் நிலக்கரிப் பாதையில் அது ஓடவும் செய்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லி வேறொரு வழியில் போனார். ஆட்கள் மேலே நின்று கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் சோதனை வண்டி ஒன்றைச் செய்து, அதன்மீது எடையைக் கூட்டியும் குறைத்தும், எவ்வளவு எடைக்கு எவ்வளவு இழுவை கிடைக்கிறது என்று அளந்தார். போதிய எடை சக்கரத்தின்மேல் அமர்ந்தால் பற்கள் இல்லாமலே இழுக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. உலகின் பெரும்பாலான ரயில்கள் இன்றும் ஹெட்லியின் முடிவை நம்பியே ஓடுகின்றன. அவருடைய சோதனை வண்டியும் ஒருவகையில் மாதிரி ரயிலே.

இன்னொரு மாதிரி, சிரிப்புக்கு உள்ளானது. 1858-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவர் வாஷிங்டன் மலைமீது ரயில் விட அனுமதி கோரினார். தம் திட்டத்தை விளக்க மாதிரி ஒன்றையும் காட்டினார். நிலாவுக்கே பாதை போடட்டுமே என்று ஓர் உறுப்பினர் கேலி செய்ததாகச் சொல்வார்கள். அனுமதி கிடைத்தது. 1869-இல் பல்சக்கர ரயில் சிகரத்தை எட்டியது. ஈராண்டு கழித்து, 1871-இல் சுவிட்சர்லாந்தில் நிக்கோலஸ் ரிக்கன்பாக் ரிகி மலைமீது தம் பல்சக்கர ரயிலை ஓட்டினார். பிளென்கின்சாப்பின் பற்கள் சமவெளியில் தோற்று மலையில் மறுபிறவி எடுத்தன எனலாம்.

*

இந்தியாவிலும் இலங்கையிலும் மலையேற்றத்துக்கு வெவ்வேறு விடைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது.

முதல் விடை போர் காட். பம்பாயிலிருந்து தக்காணத்துக்கு ஏற, 1863-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை சுமார் 25 கிலோமீட்டரில் 550 மீட்டருக்கு மேல் உயர்கிறது. மிகக் கடுமையான ஏற்றம் 37-க்கு 1. தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி. ஒரே மூச்சில் ஏற இடம் போதாத இடத்தில் ரயிலை ஒரு முனையில் நிறுத்தி, எஞ்சினைப் பின்பக்கம் மாற்றி, எதிர்த்திசையில் தொடர்ந்து ஏறச் செய்தார்கள். பிடியிழந்து உருண்டு வரும் வண்டிகளைத் தடுத்து மேல்நோக்கித் திருப்பிவிடும் கிளைப்பாதைகளும் அமைத்தார்கள். இன்னும் எடை கூடிய ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்சின்கள் இன்றளவும் அங்கே உண்டு.

இரண்டாம் விடை டார்ஜிலிங். 1881-இல் முழுமையடைந்த இப்பாதையின் அகலம் 610 மில்லிமீட்டரே. பற்கள் கிடையாது; எடையும் உராய்வும் மட்டுமே துணை. எனவே பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வளையமிடும். இயலாத இடங்களில் முன்னும் பின்னுமாக 'இசட்' எழுத்துப்போல ஏறும். ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காதிருக்க, எஞ்சினின் முகப்பில் இருவர் அமர்ந்து கையால் மணல் தூவிக்கொண்டே வருவது நீராவிக் காலத்துக் காட்சி. அவ்வளவு பெரிய இயந்திரத்தின் பிடிமானம் ஒரு கைப்பிடி மணலில் இருந்தது என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

மூன்றாம் விடை இலங்கையின் மலையகப் பாதை. 1867-இல் கண்டியை அடைந்து, படிப்படியாக நீண்டு 1924-இல் பதுளையைத் தொட்ட இந்த அகலப்பாதை, பெரும்பாலும் 44-க்கு 1 என்ற ஏற்றத்தைத் தாண்டாமல் மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து தழுவிச் செல்கிறது. பட்டிப்பொலையில் அது கடல்மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பற்களும் இல்லை, திசை மாற்றமும் இல்லை. நீளத்தைச் செலவழித்து உயரத்தை வாங்கிய பாதை அது. காப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கவே அது போடப்பட்டது. அத்தேயிலையைப் பறித்த கைகள் எவருடையவை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான்காம் விடை நம் நீலகிரி. 1854-இலேயே பேசப்பட்ட திட்டம், 1891-இல் தான் வேலையாகத் தொடங்கியது. இடையில் ஒரு கம்பெனி நொடித்தது. 1899-இல் ரயில் குன்னூரை எட்டியது. 1908-இல் உதகமண்டலத்தை அடைந்தது. 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு உயர்வு. வகுத்துப் பார்த்தால் மொத்தப் பாதையின் சராசரியே ஏறத்தாழ 25-க்கு 1. ஆனால் ஏற்றம் சீராகப் பங்கிடப்படவில்லை. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டரில் அது 12-க்கு 1 அளவுக்குக் கடுமையாகிறது. அங்கே வெறுஞ்சக்கரம் உதவாது. ரிக்கன்பாக்கிடம் பணிபுரிந்த ரோமன் ஆப்ட் என்பவர் 1882-இல் உரிமம் பெற்ற முறை இங்கே கைக்கொள்ளப்பட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் அடுத்தடுத்து ஓடும். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல் முழுமையாகக் கவ்வியிருக்கும் என்பதே அதன் நுட்பம்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையிலிருந்து வந்த எக்ஸ் வகை எஞ்சின்களில் நான்கு நீராவி உருளைகள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டம் தொடங்கியதும், அவ்விரண்டும் பயன்படுத்திவிட்டு வெளியேற்றும் நீராவி மற்ற இரண்டுக்கும் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றும். எஞ்சின் எப்போதும் கீழ்ப்புறம் இருந்து தள்ளும்; இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சினை விட்டு உருண்டோட வழியில்லை. அதற்கும் மேலாக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்பார். ஏறுவதைவிட இறங்குவது ஆபத்தானது என்பதை இந்த ஏற்பாடு வாய்விட்டுச் சொல்கிறது. பழைய எஞ்சின்கள் தேய்ந்து, உதிரிபாகம் கிடைக்காத நிலை வந்தபோது, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எக்ஸ் எஞ்சின்கள் கட்டப்பட்டன. 2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதை அறிந்த பலர், பொன்மலைத் தொழிலாளர்களின் இந்தச் சாதனையை அறிந்திருப்பதில்லை.

*

இனி மேசைக்கு வருவோம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் ஒழுங்கான அளவுகளோடு கூடிய பொம்மை ரயில் பாதைகளை அறிமுகப்படுத்தியது. நீலகிரியில் மண் வெட்டத் தொடங்கிய அதே ஆண்டு. இங்கிலாந்தில் 1920-இல் ஹார்ன்பியின் சாவி கொடுத்து ஓடும் ரயில்கள் வந்தன. பின்னர் மின்சாரம் வந்தது. வீட்டுக்குள் அடங்கும்படி அளவும் சிறுத்தது. உலகில் இன்று பெருவழக்காக உள்ள அளவு 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். புணேயில் ஜோஷி குடும்பத்தாரின் சிறுரயில் அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள், இக்கலை நம் நாட்டிலும் எவ்வளவு வேரூன்றியது என்பதை அறிவார்கள்.

வல்லம் வடகாலில் எம் நண்பர் ஒருவர், தொழிற்சாலைப் பணியாளர், மொட்டைமாடி அறையில் இத்தகைய பாதை ஒன்றை அமைத்திருக்கிறார். ஒரு தண்டவாளம் மற்றொன்றின் மேலாகப் பாலத்தில் கடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ரயிலின் உயரம், பாலத்தின் தடிமன் எல்லாம் சேர்த்து 8 சென்டிமீட்டர் ஏறியாக வேண்டும். 40-க்கு 1 என்றால் ஏற்றத்துக்கு மட்டும் 320 சென்டிமீட்டர் நீளம் தேவை. இறக்கத்துக்கு இன்னொரு 320. அறையின் நீளமோ 300. 25-க்கு 1 என்றால் 200 போதும். நீலகிரி போல 12.5-க்கு 1 என்றால் 100 சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடும். இடமில்லாதவரைச் செங்குத்து எவ்வாறு ஆசைகாட்டுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

ஆசையின் விலை என்ன? எஞ்சினின் எடை 300 கிராம், பிடிமானம் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். இழுவை 60 கிராம். ஒவ்வொரு பெட்டியும் 100 கிராம். உருள்வதற்கான தடை 2 கிராம். சமதளத்தில் 30 பெட்டிகளை இழுக்கலாம். 40-க்கு 1 ஏற்றத்தில், எஞ்சின் தன்னைத்தானே ஏற்றிக்கொள்ள 7.5 கிராம் போய்விடுகிறது. பெட்டி ஒவ்வொன்றும் 4.5 கிராம் கேட்கிறது. மிஞ்சுவது 11 பெட்டிகள். 25-க்கு 1-இல் 8 பெட்டிகள். 12.5-க்கு 1-இல் 3 பெட்டிகள். இது ஏட்டுக் கணக்கு. வளைவு குறுக்கிட்டால் இதுவும் குறையும். உண்மையான பாதைகளிலும் வளைவு வருமிடத்தில் ஏற்றத்தைச் சற்றே தளர்த்துவது பொறியாளர் மரபு.

பெரிய ரயிலும் சிறிய ரயிலும் இங்கே ஒரே நியதிக்குக் கட்டுப்படுகின்றன. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை அதற்கும் பன்மடங்கு சுருங்கும். ஆனால் எடைக்கும் பிடிமானத்துக்கும் உள்ள விகிதம் சுருங்குவதில்லை. ஆகவேதான் மேசைமீதும் அதே பழைய விடைகளே மீண்டும் தோன்றின. எஞ்சினுக்குள் ஈயக்கட்டி வைத்து எடையைக் கூட்டுவது ஹெட்லியின் வழி. சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டுவது டார்ஜிலிங்கின் மணலுக்கு ஒப்பானது. ஆனால் ரப்பர் மாட்டிய சக்கரம் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை எடுக்காது. பிடி கூடினால் உயிர் குறையும். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1950-இல் காந்தத்தைப் புகுத்தியது; 1960-களில் பிரிட்டனின் டிரை-ஆங் ரயில்களிலும் காந்தம் வந்தது. எஃகுத் தண்டவாளத்தைக் காந்தம் கவ்வியிழுப்பதால் எடை கூடாமலே பிடி கூடும். துருப்பிடிக்கும் எஃகைக் கைவிட்டு நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறியபோது அந்த உத்தி செயலற்றுப் போனது. நிக்கல் சில்வரைக் காந்தம் தீண்டாது. பற்சட்டம் பொருத்திய பொம்மை மலை ரயில்களும் வந்தன. ரிக்கன்பாக்கும் ஆப்ட்டும் மேசைக்கு வந்தார்கள்.

எம் நண்பர் தேர்ந்தது இலங்கையின் வழி. 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள சுருள்பாதையில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 283 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 8 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஏற்றம் 35-க்கு 1. அறையின் ஒரு மூலை முழுவதையும் அந்தச் சுருள் தின்றுவிட்டது. ஏற்றம் தொடங்குமிடத்திலும் முடியுமிடத்திலும் சட்டென முறியாமல் மெல்ல வளைந்து மாறும்படி ரசமட்டம் வைத்துப் பலநாள் சரிசெய்தார். முறிவு இருந்தால் பெட்டிகளின் கொக்கி கழன்றுவிடும். ஐந்து பெட்டிகளோடு எஞ்சின் வழுக்காமல் மேலேறுகிறது. அதைக் காண்பவர்கள் எஞ்சினைத்தான் புகழ்கிறார்கள். மூலையில் மறைந்துகிடக்கும் சுருளை எவரும் கேட்பதில்லை.

*

இந்தக் கடைசிச் செய்தி எமக்கு முக்கியமாகப் படுகிறது. மலை ரயில்களின் வரலாறு பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாக, அல்லது எஞ்சினியர்களின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது. மனிதனின் அறிவு மலையை வென்றது என்ற வாக்கியத்தோடு அவை முடியும். மேசைக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அவ்வாக்கியத்தின்மேல் ஐயம் வரும். ஏற்றத்தை எவரும் வெல்வதில்லை. அதற்கு விலை கொடுக்கிறார்கள். நீளத்தைக் கொடுக்கலாம், சுமையைக் குறைக்கலாம், பற்களைப் பூட்டி வேகத்தை இழக்கலாம். நான்காவதாக ஒரு வழி இல்லை. மேசைமீது அந்த விலையை உரிமையாளரே கொடுக்கிறார். மலைமீது அதைக் கொடுத்தவர்கள் வேறு.

போர் காட் சரிவில் ஒரு காலகட்டத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். காலராவும் விபத்தும் கொண்டுபோனவர்கள் ஆயிரக்கணக்கில். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-இல் வந்த சில வாரங்களிலேயே நோய்க்கு இரையானார். அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடிக்கச் செய்தார். அவ்விருவர் பெயரும் வரலாற்றில் உண்டு. பாறையில் தொங்கியபடி வெடிக்குழி தோண்டியவர்களின் பெயர் இல்லை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஒவ்வொரு பற்சட்டத்தையும் தோளில் சுமந்து ஏற்றியவர்களின் பெயரும் இல்லை. 37-க்கு 1 என்று பொறியாளர் வரைபடத்தில் எழுதிய கோட்டை 40-க்கு 1 ஆக்கியிருந்தால் பாதை நீண்டிருக்கும். வெட்டவேண்டிய பாறையும் மாறியிருக்கும். இறந்தவர்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கக்கூடும். ஏற்ற விகிதம் ஒரு தொழில்நுட்ப எண் மட்டுமன்று.

சிந்தாதிரிப்பேட்டையில் 1836-இல் கூடியவர்களுக்கு, ஒரு கையால் வண்டியைத் தள்ளிவிடலாம் என்று காட்டப்பட்டது. உழைப்பு எவ்வளவு குறையும் என்பதே அந்தக் காட்சியின் வாக்குறுதி. வண்டியைத் தள்ளும் உழைப்பு உண்மையிலேயே குறைந்தது. பாதையை அமைக்கும் உழைப்பு அந்தக் காட்சிக்கு வெளியே இருந்தது. நம் பாடநூல்களிலும் அது இன்னும் வெளியேதான் இருக்கிறது.

வல்லம் வடகாலின் தொழிற்சாலைகளில் பல்சக்கரப் பெட்டிகளைப் பூட்டும் இளைஞர்களில் சிலர், விடுமுறை நாளில் எம் நண்பரின் அறைக்கு வருவதுண்டு. அவர்களுள் ஒருவர், சுருள்பாதையின் அடியில் குனிந்து தாங்குகட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். எஞ்சினின் விலையைக் கேட்காமல் கட்டைகளின் நாட்களைக் கேட்டவர் அவர் ஒருவரே. மலை ரயில்களின் வரலாற்றை இனி எழுதுபவர்கள் தொடங்கவேண்டிய கேள்வி அதுவென்று எமக்குத் தோன்றுகிறது.